மிகிதாரியானிடமிருந்து எங்கள் சிறுவர் அணிக்கு வந்தவை

ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரின் பொருசியா கழகத்துக்காக மூன்று பருவகாலங்கள் விளையாடிய ஆர்மீனிய உதைபந்தாட்ட வீரர் ஹென்ரிக் மிகிதாரியான், அந்நாட்டின் முதற்தர லீக்கான புண்டஸ்லீகாவில் முதற் பருவத்தில் 9 கோல்களும், இரண்டாவதில் 3 கோல்களும், மூன்றாவதில் 11 கோல்களும் அடித்தார். இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துப் பார்ப்பவர், நன்றாகத் தொடங்கிய ஒருவருக்கு நடுவில் ஆட்டம் மறந்துபோய்ப் பிறகு நினைவுக்கு வந்தது என்றுதான் முடிவுகட்டுவார். அந்த ஆண்டுகளில் அவரை மைதானத்தில் நேரில் பார்த்தவன் நான். அதே நகரின் சிறிய கழகமொன்றில் 13, 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பயிற்றுவிப்பவனும்கூட. அவருடைய கால்களில் இருந்த திறமை மூன்று பருவங்களிலும் ஒன்றாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்களும், முன்னால் ஓடியவர்களும், அவரிடம் கேட்கப்பட்ட வேலையும்தான் மாறிக்கொண்டே இருந்தன. மத்தியகள வீரர் ஒருவரை இப்படிப் பார்க்கப் பழகிய பிறகு, என்னுடைய சிறுவர்களைப் பார்க்கும் விதமும், அவர்களுடைய பெற்றோருக்கு நான் சொல்லும் பதில்களும் மாறின. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்மீனியா ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் வாழும் நாடு. 1973 இல் யெரெவான் நகரின் அராராத் கழகம் சோவியத் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற பெருமையை அங்குள்ளவர்கள் இன்றும் பேசுவார்கள்; ஆனால் தனி நாடான பின் அவர்களுடைய தேசிய அணி எந்தப் பெரிய சுற்றுப்போட்டியின் இறுதிக் கட்டத்துக்கும் தகுதி பெற்றதில்லை. மிகிதாரியானின் தந்தை ஹாம்லெட் அதே அராராத் கழகத்தின் முன்வரிசை வீரர். 1989 இல் மகன் பிறந்த பிறகு, குடும்பம் பிரான்சின் வலான்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. மூளையில் ஏற்பட்ட கட்டியால் 1996 இல் தந்தை தனது 33 ஆவது வயதில் இறந்தபோது மகனுக்கு வயது ஏழு. தாய் பிள்ளைகளுடன் யெரெவானுக்குத் திரும்பி ஆர்மீனிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் பணியாற்றினார்; மகன் பியூனிக் கழகத்தின் சிறுவர் பிரிவில் வளர்ந்தார். பதின்ம வயதின் தொடக்கத்தில் சில மாதங்கள் பிரேசிலின் சாவோ பாவ்லோ கழகத்தில் பயிற்சி பெற்றதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. அங்கே அவருக்கு ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் போர்த்துக்கேய மொழி கிடைத்தது. அது எங்கே உதவியது என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

பதினேழு வயதில் பியூனிக்கின் முதல் அணியில் இடம்பிடித்து, 2006 முதல் 2009 வரை நான்கு முறை ஆர்மீனிய லீக்கை வென்ற ஓர் இளைஞன் நேராக இங்கிலாந்துக்கோ ஸ்பெயினுக்கோ போக ஆசைப்பட்டிருப்பான் என்று எண்ணுவது இயல்பு. மிகிதாரியான் போனது உக்ரைனின் மெட்டலூர் டொனெட்ஸ்க் கழகத்துக்கு. அதே நகரின் பெரிய கழகமான ஷாக்தாரின் நிழலில் இருந்த கழகம் அது. அங்கே வாராவாரம் தொடக்க அணியில் ஆடினார், 21 வயதில் அணித்தலைவரானார், ஒரே ஆண்டில் நகரின் மறுபக்கத்திலிருந்த ஷாக்தார் அவரை வாங்கிக்கொண்டது. ஷாக்தாரில் மூன்று பருவங்கள், மூன்று லீக் பட்டங்கள். அதன் பிறகுதான் டோர்ட்முண்ட். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஓரளவுக்குத்தான் உயரம். ஒவ்வொரு படியிலும் தொடக்க அணியில் ஆடும் நிலை வந்த பிறகே அடுத்ததில் கால் வைத்திருக்கிறார்.

எங்களிடம் 13 வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் பெரிய கழகத்தின் தெரிவுக்கு அனுப்பலாம் என்பதுதான். டோர்ட்முண்டைச் சுற்றியுள்ள ரூர் பிரதேசத்தில் பெரிய கழகங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்த ஆசை எளிதில் பற்றிக்கொள்ளும். நான் அவர்களிடம் கழகத்தின் பெயரைக் கேட்பதில்லை. அங்கே இதே வயதில், இதே இடத்தில் ஆடும் பிள்ளைகள் எத்தனை பேர், இப்போது தொடக்க அணியில் ஆடுபவன் யார், அவனைவிட உங்கள் மகன் எதில் மேல் என்று கேட்கிறேன். மத்தியகளத்தில் ஆடுபவனுக்கு இது முன்வரிசை வீரனைவிட முக்கியமானது. முன்வரிசைக்காரன் கடைசிப் பதினைந்து நிமிடம் இறங்கி ஒரு கோல் அடித்தாலும் பெயர் வாங்கிவிடுவான். நடுவில் ஆடுபவனுக்கு ஆட்டத்தின் வேகம் பிடிபடவே அரைமணி நேரம் வேண்டும். மாற்று வீரர்களுக்கான வாங்கிலில் அதைக் கற்க வழியில்லை.

ஷாக்தாரில் மிகிதாரியானுக்குக் கிடைத்தது அபூர்வமான சூழல். ருமேனியரான மிர்சியா லுசெஸ்கு பயிற்றுவிப்பாளர். பின்வரிசையில் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள், முன்பாதியில் பெரும்பாலும் பிரேசில்காரர்கள். பெர்னாண்டின்யோ, வில்லியன், லூயிஸ் அட்ரியானோ, அலெக்ஸ் தெய்ஷெய்ரா என்று நீண்ட அந்த வரிசையின் நடுவில், ரஷ்ய மொழியில் பின்னால் நிற்பவருடனும் போர்த்துக்கேயத்தில் முன்னால் ஓடுபவருடனும் பேசக்கூடிய ஒருவர் இருந்தால் அவர் இரு பாதிகளையும் இணைப்பவராகிவிடுவார் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒப்பந்தம் தராத பிரேசில் பயணம் இங்கேதான் பலன் தந்தது. 2012–13 பருவத்தில் பெர்னாண்டின்யோ பின்னால் நின்று இடத்தைக் காத்துக்கொள்ள, இவர் இரண்டாம் அலையாக எதிரணியின் தண்ட உதைப் பகுதிக்குள் புகுந்து 29 லீக் ஆட்டங்களில் 25 கோல்கள் அடித்தார். உக்ரைன் லீக்கில் அது அப்போது ஒரு சாதனை.

அந்த 25 கோல்கள்தான் பின்னால் அவருக்குச் சுமையானது என்பது என் கருத்து. 2013 கோடையில் மரியோ கோட்ஸே பாயர்ன் மூனிக்குக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு 27.5 மில்லியன் யூரோ கொடுத்து, கழகத்தின் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலைக்கு, டோர்ட்முண்ட் இவரை வாங்கியது. இந்த நகரத்தில் அன்று இவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அந்த 25 கோல்களைத்தான் சொன்னார்கள். ஷாக்தார் தன் லீக்கில் பெரும்பாலான ஆட்டங்களில் பந்தைத் தன் காலிலேயே வைத்திருக்கும் அணி. பயிற்றுவிப்பாளர் யூர்கன் குளொப்பின் டோர்ட்முண்டோ பந்தை இழந்த அடுத்த சில நொடிகளில் நான்கைந்து பேராகப் பாய்ந்து அதை மீட்பதையே தன் தாக்குதலின் தொடக்கமாக வைத்திருந்த அணி. அதில் மத்தியகளத்தின் மேற்பகுதியில் ஆடுபவர் முதலில் ஓட்டக்காரர், பிறகுதான் கலைஞர். மிகிதாரியான் ஓடினார், முறைப்பாடு இல்லாமல் ஓடினார். ஆனால் அந்த ஓட்டத்துக்குப் பிறகு கோலுக்கு முன்னால் நிற்கும்போது அவரிடம் மிச்சமிருந்தது குறைவு.

2014 ஏப்ரல் 8 அன்று ரியல் மட்ரிட்டுக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தை நான் தெற்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வழக்கமாக ஏறத்தாழ 25,000 பேர் நின்றே பார்க்கும் அந்தச் சரிவில், ஐரோப்பியப் போட்டிகளுக்காக அக்காலத்தில் இருக்கைகள் பொருத்துவார்கள். இருக்கை இருந்தும் அன்று யாரும் இருக்கவில்லை. மட்ரிட்டில் 3–0 என்று தோற்றுவிட்டு வந்த அணிக்காக, மார்கோ ரொய்ஸ் முதற் பாதியிலேயே இரண்டு கோல்கள் அடித்திருந்தார். இரண்டாம் பாதியில் மிகிதாரியான் கோல் காப்பாளர் கசியாஸைத் தாண்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு போனார். கோல் வெறுமையாக இருந்தது, கோணம் சற்றுக் குறுகியிருந்தது. அவர் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. டோர்ட்முண்ட் அன்று 2–0 என்று வென்று, மொத்தத்தில் 3–2 என்று வெளியேறியது. அந்தக் கம்பத்தைப் பற்றி இந்த நகரம் ஆண்டுக்கணக்கில் பேசியது. அந்த வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பேசியவர்கள் குறைவு: பின்வரிசையின் கவனம் ரொய்ஸின் மீதும் முன்வரிசை வீரர் லெவண்டோவ்ஸ்கியின் மீதும் சென்றிருந்தபோது ஆழத்திலிருந்து ஓடிவந்து அந்த இடைவெளியை எடுத்தவர் அவரே. அதைத் தவறவிடுவதற்கும் முதலில் அங்கே போயிருக்கவேண்டும்.

அதற்கு அடுத்த பருவம் எல்லோருக்கும் மோசம். லெவண்டோவ்ஸ்கியும் பாயர்னுக்குப் போய்விட்டார். 2015 பெப்ரவரி தொடக்கத்தில் டோர்ட்முண்ட் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. இந்த நகரத்தில் வெதுப்பகத்தில் பாண் வாங்கப் போனாலும் அதுதான் பேச்சு. மிகிதாரியானின் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது: பந்து வந்ததும் ஒரு தொடுகை அதிகம், கோலைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் யார் என்று பார்ப்பது. சிறுவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்த்திருப்பதால் எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு பெரிய வாய்ப்பைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த வாரங்களில் பந்தை உடனே கைமாற்றிவிடப் பார்ப்பான். பார்ப்பவர்கள் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவார்கள். அப்படிப்பட்டவனைக் கோல் அடி, கோல் அடி என்று வெளியிலிருந்து கத்துவது எந்தப் பயனும் தராது. அவனைச் சில வாரங்களுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, பந்து அதிகம் தொடக்கூடிய இடத்தில் ஆடவிடுவது பயன் தருகிறது. தொடுகை கூடக்கூட உடலின் தயக்கம் குறைகிறது. பிறகு அவனாகவே முன்னேறிப் போகிறான். 2015 பெப்ரவரி இறுதியில் ஷால்க அணிக்கு எதிரான உள்ளூர்ப் போட்டியில் டோர்ட்முண்ட் 3–0 என்று வென்றபோது மிகிதாரியானும் ஒரு கோல் அடித்தார். அதற்கு முன்பிருந்த வாரங்களிலேயே அவருடைய பந்துத் தொடுகை திரும்பிக்கொண்டிருந்ததைக் கவனித்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திராது.

அந்தக் கோடையில் குளொப் போய்த் தோமஸ் டுஹெல் வந்தார். அணி பந்தை வைத்து ஆடத் தொடங்கியது. மிகிதாரியான் வலப்பக்கத்தில் இருந்து தொடங்கினாலும் உள்ளே, எதிரணியின் மத்தியகளத்துக்கும் பின்வரிசைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நிற்க அனுமதிக்கப்பட்டார். பருவத்தின் முதல் லீக் ஆட்டத்திலேயே மென்கிளாட்பாக் அணியை 4–0 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. அந்தப் பருவ முடிவில் சக தொழில்முறை வீரர்களே வாக்களித்துச் சிறந்த வீரராக அவரைத் தெரிவுசெய்தார்கள். மூன்று கோல்கள் அடித்தவரும் இவர்தான், பதினொன்று அடித்து, அதைவிட அதிகமான கோல்களை மற்றவர்களுக்கு அமைத்துக் கொடுத்தவரும் இவர்தான்.

அந்தப் பருவத்தில் நான் மைதானத்துக்குப் போனால் முதற் பாதியில் பத்து நிமிடமாவது பந்தைப் பார்ப்பதில்லை, அவரை மட்டுமே பார்ப்பேன். தொலைக்காட்சியில் இதைச் செய்யமுடியாது. கமரா பந்தைவிட்டு நகராது. பந்து இன்னும் பின்வரிசையில் ஹும்மெல்ஸின் காலில் இருக்கும்போதே மிகிதாரியான் இடத்தோளுக்கு மேலாக ஒருமுறை, வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பந்து உதைக்கப்பட்டதும் இன்னொரு முறை. பந்து அவரை அடையும்போது உடல் கோலுக்கு முழுமுதுகு காட்டி நிற்காது. பாதி திரும்பியபடி, ஒரு காலின் விரல்கள் போகவேண்டிய திசையைக் காட்டியபடி இருக்கும். அதனால் முதல் தொடுகையே முன்னேற்றமாக அமையும். அவர் வேகமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். கால்களின் வேகத்தைவிட இந்தப் பார்வையால் மிச்சப்பட்ட அரை நொடிதான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

இதைச் சிறுவர்களுக்குக் கொண்டுபோக எங்களுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் மைதானம் இன்னும் செந்நிறச் சாம்பல் மண் கொட்டிய பழைய ரூர் மைதானம். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, அவனுக்குப் பின்னால் இருவரை வெவ்வேறு நிறக் கைப்பட்டிகளுடன் நிறுத்துவேன். நான் பந்தை உதைக்கும் அதே கணத்தில் அவர்களில் ஒருவன் தன் பட்டியை உயர்த்துவான். பந்து காலில் படுவதற்கு முன் நடுவில் நிற்பவன் அந்த நிறத்தைச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு அந்தப் பக்கமாகத் திரும்பிப் பந்தைக் கொண்டுபோகவேண்டும். முதலில் எல்லோரும் தலையைத் திருப்பியதில் பந்தைத் தவறவிடுவார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும், திட்டினால் மறுபடி பந்தையே வெறித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தலையைத் திருப்புவது பழகிய பின் நிறத்துக்குப் பதிலாக ஒரு எதிராளியை விடுவேன்: அவன் நெருங்கி வந்தால் ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுக்கவேண்டும், வராவிட்டால் திரும்பி முன்னேறவேண்டும். ஜேர்மனியில் 13 வயது வரை ஒன்பது பேர் கொண்ட அணிகளாகச் சிறிய மைதானத்தில் ஆடும் பிள்ளைகள், அதன் பிறகு பதினொருவர் ஆட்டத்துக்கு மாறும்போது, உடலில் சிறியவர்களான மத்தியகளப் பிள்ளைகள் தொலைந்துபோய்விடுவதை நெடுகப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம் உள்ளவர்கள் அப்படித் தொலைவதில்லை; பெரிய உடல் வந்து மோதுவதற்கு முன் பந்து போய்விடுகிறது.

இனி, சிறிய நாட்டிலிருந்து வந்தவர் என்பதற்கு மைதானத்தில் என்ன பொருள் என்பதைச் சொல்லவேண்டும். கழகத்தில் மிகிதாரியான் ஒரு பங்கு. ஆர்மீனிய அணியில் ஆடிய காலத்தில் அவர்தான் மொத்தமும். பின்வரிசையிடமிருந்து பந்தை வாங்குபவரும், முன்னால் கொண்டுபோகிறவரும், மூலை உதை எடுப்பவரும், கடைசியில் கோல் அடிக்கவேண்டியவரும் ஒருவரே. எதிரணிக்கும் அது தெரிந்திருந்தது. இருவரை அவர்மீது ஒட்டவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2012 ஐரோப்பியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் ஆர்மீனியா ஸ்லொவாக்கியாவை அதன் மண்ணிலேயே 4–0 என்று வென்று, 2011 ஒக்டோபர் 11 அன்று டப்ளினில் அயர்லாந்தை வென்றால் இரண்டாம் இடம் என்ற நிலைக்கு வந்திருந்தது. அரை மணி நேரம் ஆகும் முன்பே கோல் காப்பாளர் பெரெசொவ்ஸ்கி எல்லைக்கு வெளியே பந்தைக் கையால் தொட்டதாகச் சொல்லி வெளியேற்றப்பட்டார். பந்து பட்டது அவருடைய மார்பில். பத்துப் பேருடன் ஆடி, சொந்தக் கோல் ஒன்றும் வாங்கி, 2–1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோல் மிகிதாரியானுடையது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் டோர்ட்முண்டுக்கு வருவதற்குச் சற்று முன்பு, கொப்பன்ஹேகனில் டென்மார்க்கை 4–0 என்று வென்ற இரவும் இருந்தது. அப்படிப்பட்ட இரவுகளை ஒரு தகுதிச் சுற்று முழுவதும் தொடரப் போதிய ஆட்கள்தான் அந்த நாட்டிடம் இல்லை.

வீட்டில் எல்லாமாக இருக்கும் ஒருவர் வெளியில் ஒரு பங்காக மாறுவது எளிதன்று. எங்கள் மாவட்ட மட்டத்தில் இது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. சிறிய அணியில் எல்லாப் பந்தும் தன் வழியாகப் போய்ப் பழகிய பிள்ளை, தெரிவு அணிக்குப் போனதும் பந்து தன்னிடம் வராத நிமிடங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவான். அதனால் அணியிலேயே கெட்டிக்காரனான பிள்ளையைச் சில பயிற்சி ஆட்டங்களில் வேண்டுமென்றே தனக்குப் பழக்கமில்லாத இடத்தில், பெரும்பாலும் பின்வரிசைக்கு முன்னால் நிறுத்துகிறேன். இரண்டு தொடுகைக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையும் அவனுக்கு மட்டும் உண்டு. ஒரு தந்தை ஒருமுறை கம்பிவேலிக்கு அப்பாலிருந்து, "அண்ணை, இவன்தானே கோல் அடிக்கிறவன், ஏன் பின்னுக்கு விட்டிருக்கிறியள்?" என்று கேட்டார். இன்னும் இரண்டு ஆண்டில் இவனைவிட நன்றாகக் கோல் அடிக்கிறவர்கள் நடுவில் இவன் நிற்கவேண்டிவரும், அன்றைக்கு இவனுக்கு வேறு ஒரு வேலையும் தெரிந்திருக்கவேண்டும் என்று சொன்னேன். அவர் முழுமையாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை, பிள்ளை ஒப்புக்கொண்டான்.

இங்கிலாந்து ஆண்டுகளை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கற்பதற்குக் குறைவு. 2016 இல் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்குப் போய், செப்டெம்பரில் நகரப் போட்டியின் இடைவேளையில் வெளியே எடுக்கப்பட்டு, வாரக்கணக்கில் ஓரங்கட்டப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 26 இல் சண்டர்லாந்துக்கு எதிராக உடலை முன்னே சாய்த்துக் குதிகாலால் பின்னிருந்து அடித்த கோலை உலகம் கொண்டாடியது (அவர் ஓப்சைட்டில் நின்றார் என்பதைக் கொண்டாடியவர்கள் கண்டுகொள்ளவில்லை). 2017 மே மாதம் ஸ்டொக்ஹோமில் அயாக்ஸுக்கு எதிரான யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் இரண்டாவது கோலை அடித்தார். ஆனாலும் 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸுக்கு மாற்றாக ஆர்சனலுக்குக் கொடுக்கப்பட்டார். தொடர்ச்சியாக ஆடாத மத்தியகள வீரரின் மீது தீர்ப்புச் சொல்வது கடினம் என்பதற்கு மேல் அந்தக் காலம் எனக்கு எதையும் காட்டவில்லை.

ஒன்றை மட்டும் கடந்துபோக முடியாது. 2019 மே 29 அன்று ஆர்சனல் ஆடிய யூரோப்பா லீக் இறுதியாட்டம் அசர்பைஜானின் தலைநகரான பாக்குவில் நடந்தது. ஆர்மீனியாவுக்கும் அசர்பைஜானுக்கும் இடையிலுள்ள பகை காரணமாக, பாதுகாப்புப் பற்றிய உறுதிமொழிகள் இருந்தும், குடும்பத்துடனும் கழகத்துடனும் பேசி அவர் போகவில்லை. 2015 இல் டோர்ட்முண்ட் அதே நாட்டின் கபலா அணியுடன் ஆடப் போனபோதும் அவர் போகவில்லை. பெரிய நாட்டில் பிறந்த ஒருவருக்குத் தன் கடவுச்சீட்டு ஓர் இறுதியாட்டத்தைப் பறிக்கும் என்ற எண்ணமே வராது. எங்கள் கழகத்தில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிரியப் பிள்ளைகளும் குர்திஷ் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுப்போட்டிக்கு அணியைக் கூட்டிப்போக ஒழுங்குசெய்யும்போது, யாருடைய வதிவிட அட்டையில் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதை முதலிலேயே பார்த்து, எல்லோரும் போகக்கூடிய இடத்தைத் தெரிவுசெய்வது நல்லது. கடைசி வாரத்தில் ஒரு பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுப்போவது அணியையே உடைக்கும்.

இத்தாலியில் அவர் செய்ததுதான் என் கண்ணுக்கு அவருடைய தொழில்வாழ்வின் மிகப் பெறுமதியான பகுதி. 2019 இல் ரோமாவுக்கு இரவலாகப் போனபோது அவருக்கு முப்பது வயது. கோலுக்கு அருகில் ஆடுபவர்களின் கால் வேகம் குறையத் தொடங்கும் வயது. 2021 இல் அங்கே பயிற்றுவிப்பாளராக வந்து சேர்ந்தவர், மன்செஸ்டரில் அவரை ஓரங்கட்டிய அதே ஜோசே மொரீனியோ. பலர் அவர் உடனே வெளியேறுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ மத்தியகளத்தின் ஆழத்துக்கு இறங்கி, அதே பயிற்றுவிப்பாளரின் கீழ் ஒரு முழுப் பருவம் ஆடி, 2022 இல் கொன்ஃபெரன்ஸ் லீக் பட்டம் வென்றுவிட்டுத்தான் போனார். திரானாவில் நடந்த இறுதியாட்டத்தில் காயம் முழுதாக ஆறாமல் இறங்கிப் பதினேழாவது நிமிடத்தில் வெளியேறவேண்டி வந்தது வேறு விடயம்.

அடுத்து இன்டர் மிலன், மாற்றுத்தொகை எதுவும் இல்லாமல். முதலில் மாற்று வீரராகத்தான் எண்ணப்பட்டார். அந்த இலையுதிர் காலத்தில் மார்செலோ புரொசோவிச் காயமடைந்ததால் ஹகன் சல்ஹனோக்லு பின்வரிசைக்கு முன்னால் இறக்கப்பட்டார். மத்தியகளத்தின் இடது உள்பக்கத்தில் அவர் விட்ட இடம் மிகிதாரியானுக்கு வந்தது, பிறகு போகவில்லை. ஒரு துருக்கியரும் ஓர் ஆர்மீனியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடி 2024 இல் இன்டரின் இருபதாவது லீக் பட்டத்தை வென்றார்கள் என்பதை, இரு நாடுகளின் வரலாற்றை அறிந்தவர்கள் தனியே கவனிப்பார்கள்.

அந்த இடத்தில் அவர் செய்யும் வேலை கண்ணுக்கு அதிகம் படாதது. இன்டரின் இடப்பக்க மையப் பின்வரிசை வீரரான பஸ்தோனி பந்துடன் முன்னேறிப் போகும்போது, மிகிதாரியான் எதையும் கேட்காமல் அவர் விட்ட இடத்துக்கு இறங்கிவிடுவார். திமார்கோ ஓரமாக மேலே ஓடினால் இவர் உள்ளே தங்குவார். திமார்கோ நின்றால் இவர் பின்வரிசையைத் தாண்டி ஓடுவார். 2023 மே மாதம் சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஏசி மிலனுக்கு எதிராகப் பதினோராவது நிமிடத்தில் அடித்த கோல் அந்த ஓட்டங்களில் ஒன்றுதான். அந்த ஆண்டும் 2025 இலும் இன்டர் இறுதியாட்டம் வரை போய்த் தோற்றது; இரண்டிலும் அவர் ஆடினார், இரண்டாவதில் 36 வயதில் தொடக்க அணியில். உக்ரைனில் கோல் அடித்தவர், ஜேர்மனியில் கோல் அமைத்தவர், இத்தாலியில் மற்றவர்கள் முன்னேற இடம் காப்பவரானார். ஒவ்வொரு முறையும் பத்து, இருபது மீற்றர் பின்னால் வந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் அங்கே தேவைப்பட்டதைக் கற்றிருக்கிறார்.

15 வயதுப் பிள்ளைகளிடம் இந்த இடம் காக்கும் வேலையைச் சொல்லிக்கொடுப்பது, பந்தைச் சுழற்றச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம், கைதட்டல் கிடைக்காது. நான் மூன்று பேரை ஒரு பக்கத்தில் நிறுத்தி, யார் முன்னேறினாலும் மற்ற இருவரில் ஒருவர் அவர் விட்ட இடத்தில் நின்றால்தான் அந்தத் தாக்குதலில் விழும் கோல் செல்லும் என்று விதி வைக்கிறேன். கோல் விழுந்து, இடம் காலியாக இருந்ததால் செல்லாமல் போகும்போது அவர்களே ஒருவரையொருவர் கூப்பிடத் தொடங்குகிறார்கள். கோல் செல்லும் போது, அடித்தவனின் பெயரோடு பின்னால் நின்றவனின் பெயரையும் பதிவேட்டில் எழுதுவேன். பருவ முடிவில் பெற்றோருக்கு அந்தப் பதிவேட்டைக் காட்டினால், தங்கள் மகன் என்ன செய்கிறான் என்பது பலருக்கு முதன்முறையாகத் தெரியவரும்.

2007 இல் தொடங்கிய தேசிய அணி வாழ்வை அவர் 2022 மார்ச்சில் முடித்துக்கொண்டார்: 95 ஆட்டங்கள், 32 கோல்கள், இரண்டாவது எண் ஆர்மீனியாவின் சாதனை. நாட்டில் அதைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் இன்டரில் பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து ஆடும் உடல்நிலை அவருக்கு இருந்தது. சர்வதேச இடைவேளைகளில் நீண்ட விமானப் பயணமும், தனியொருவனாக அணியைச் சுமக்கும் தொண்ணூறு நிமிடங்களும் இல்லாமற்போனது அதற்கு ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். எங்கள் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களுக்குக் கழகப் பயிற்சியும், ஜேர்மன் சம்மேளனத்தின் திங்கட்கிழமைத் தெரிவுப் பயிற்சியும், பள்ளி அணியும், வார இறுதியில் லீக் ஆட்டமும் இருக்கும். அதற்கு மேல் கோடையில் தமிழர் விளையாட்டுக் கழகங்களின் சுற்றுப்போட்டிகளும் சேர்ந்துகொள்ளும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், பெற்றோரை அழைத்து, இவற்றில் எதை இந்தப் பருவத்தில் விடலாம் என்று அவனையே கேட்கச் சொல்கிறேன். சிலர் எங்கள் அணியின் பயிற்சியையே விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது ஆட்டத்தைப் பார்க்க வரச் சொல்லி அனுப்பிவைக்கிறேன், வலி நின்ற பிறகு அவர்களுடைய இடம் அவர்களுக்காக இருக்கும் என்பதையும் எழுத்தில் கொடுக்கிறேன்.